மல்லாக்கக் கிடத்து, மகன்

அருமை மகன், உனக்கும் மருமகளுக்கும் கைக்குள் அடங்கிக் கிடக்கும் என் பேரனுக்கும் உம்மாவின் ஸலாம். நேற்று அஸர் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டும்போது உன் தொலைபேசி வந்தது. அடுத்த திங்கட்கிழமை மருமகள் மறுபடியும் வங்கி வேலைக்குப் போகிறாள் என்று சொன்னாய். எனக்குப் பெரிய சந்தோஷம். படித்த படிப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டாமல் வேலைக்குப் போகிற மருமகள் வாய்த்ததை நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லும் காரியங்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன். பிள்ளையைத் தெஹிவளையில் ஓர் ஆன்ட்டி நடத்தும் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் விடப்போவதாகவும் சொன்னாய். அதிலும் எனக்குக் குறையில்லை. நானே எத்தனையோ பேருடைய பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்தவள். ஆனால் கடைசியில் நீ பெருமையாகச் சொன்னாயே ஒரு வார்த்தை: "உம்மா, அங்க போனா புள்ளைகள்ட சத்தமே இல்ல. ஆன்ட்டி கவுத்துப் போட்டு முதுகுல ரெண்டு தட்டு தட்டினா நித்திரைதான்." அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கதிரையில் உட்கார்த்தி, சந்தைக் கணக்கைக்கூட ஓரமாக வைத்துவிட்டு எழுத வைக்கிறது.

நேற்றே சொல்லியிருக்கலாம். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். "கவுத்துக் கிடத்த வேணாம் மகன்" என்றேன். நீ சிரித்தாய். "அவங்க எத்தன புள்ள பாத்தவங்க உம்மா. வயசுல பெரியவங்க வேற. நானாட பொண்டாட்டி கெஞ்சித்தான் இந்த இடத்த எடுத்துத் தந்த. அவங்களுக்குப் போய் நான் புள்ள வளக்கச் சொல்லிக் குடுக்கவா?" என்றாய். உன் பெரியப்பா மகனின் மனைவி செய்த உதவியை நீ மதிப்பது நல்ல குணம். உன் வாப்பாவுக்கும் அதே குணம்தான். யாரிடமும் எதையும் கேட்பதற்கு முன் மூன்று தரம் தொண்டையைச் செருமுவார். ஆனால் இந்த ஒன்றை நீ கேட்டே ஆகவேண்டும். திங்கட்கிழமைக்கு முன் கேட்கவேண்டும். என் பேரன் அந்த வீட்டில் மல்லாந்துதான் நித்திரை கொள்ளவேண்டும். ஏன் என்று சொல்ல, உனக்குப் பாதி மட்டுமே தெரிந்த ஒரு கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில், தமிழ் ஆட்களைத் தேடித் திரிந்த நாட்களில், நாங்கள் டீச்சரை ஒளித்து வைத்த கதை உனக்குத் தெரியும். வாப்பா அதைக் கல்யாண வீடுகளில் சொல்வார். அவர் சொல்லும் கதையில் வாசல் கேற்றடியில் நின்று சிங்களத்தில் பேசி ஆட்களைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான், கதாநாயகனும் அவர்தான். உள்ளே நடந்ததை அவர் பார்க்கவில்லை. ஆகவே அவருடைய கதையில் பிள்ளைகளே வருவதில்லை. நானோ அந்தக் கதையைப் பிள்ளைகளின் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணைக்குப் போகும் வழியில், வீடுகள் நெருங்கிய மேட்டு ஒழுங்கையில் இருந்தோம். கல்யாணம் முடித்துச் சில வருடங்கள் ஆகியும் எனக்குப் பிள்ளையில்லை. ஒழுங்கை முழுக்க அது தெரியும். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர் யாழ்ப்பாணத்து டீச்சர். அவருடைய கணவருக்குக் கொழும்பில் வேலை. கையில் மூன்று மாதப் பிள்ளை, மதுரா என்று பெயர். கண்டியில் கடைகள் எரிகின்றன என்று வாப்பா ஓடிவந்து சொன்ன அன்று, டீச்சர் பின்மதிலால் பிள்ளையை என்னிடம் நீட்டினார். பிறகு தானும் ஏறி வந்தார். சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுத்தேன். அவரை ஒளிப்பது கஷ்டமில்லை. பிள்ளையின் குரலை எங்கே ஒளிப்பது? பிள்ளையில்லாத வீடு என்று ஊருக்கே தெரிந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வீரிட்டு அழுதால், அதைவிடப் பெரிய அறிவிப்புப் பலகை வேண்டுமா? மதுரா சிணுங்கினாலே டீச்சர் தன் சேலையால் அவள் முகத்தை மூடி நெஞ்சோடு அமத்திக்கொள்வார். நான் பார்த்துப் பார்த்துச் சேலையை விலக்குவேன். "அக்கா, கேட்டுப்போடும்" என்று அவர் கண்ணால் கெஞ்சுவார்.

பதிலைக் கொண்டுவந்தவள் ரஹீலா. என் மாமா மகள், ஒழுங்கையின் கீழ்வீட்டுக்காரி, வாய் ஓயாதவள். இப்போது நீ அவளை நரைத்த தலையோடு பார்க்கிறாய். அப்போது தோளில் நாற்பது நாள்கூட நிறையாத ஆண்பிள்ளையோடு திரிவாள். ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்திய காலையில் வந்தவள் டீச்சரையும் பிள்ளையையும் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். "இதுக்கா மச்சி இப்பிடி மூஞ்ச வெச்சீக்கிறீங்க?" என்றாள். "ஒரு புள்ள அழுதா எந்தப் புள்ளன்னு கேப்பாங்க. ஆறு புள்ள அழுதா காதப் பொத்திட்டுப் போவாங்க."

சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை. தன் மகனுக்கு இன்று நாற்பதாம் நாள் என்றும், தன் வீட்டுக் கூரை ஓடு பிரித்துக் கிடப்பதால் விசேஷம் என் வீட்டில் என்றும் ஒழுங்கையெல்லாம் சொல்லிவிட்டாள். ஓடு பிரித்திருந்தது உண்மை. நாற்பதுக்கு இன்னும் நாள் இருந்தது. பெண்களுக்குச் சொல்லாமலே விளங்கியது. கொல்லைப்புற வழியாகக் கைப்பிள்ளைக்காரிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கலவரத்தில் கணவன்மார் வெளியே போகவேண்டாம் என்றால் இவர்கள் பிள்ளையோடு புறப்பட்டு வருகிறார்கள்! கடைகள் பூட்டியிருந்தும் ஒருத்தி கருப்பட்டியில் கிண்டிய தொதல் கொண்டுவந்தாள். நாற்பதுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதல்லவா? பொய் விசேஷம் என்று தெரிந்தும் அந்த வழக்கத்தை யாராலும் விட முடியவில்லை. லேஸ் வைத்துத் தைத்த சின்னத் தலையணை, இரண்டு பக்கமும் வைக்கும் உருட்டுத் தலையணைகள், மினுமினுக்கும் சாட்டின் போர்வை, எல்லாம் இலவம்பஞ்சு அடைத்து, சிலது சொந்தப் பிள்ளையின் கட்டிலிலிருந்தே எடுத்து வந்தவை. மணவறை மாதிரி என் கட்டிலை அலங்கரித்தார்கள். ரஹீலாவின் மகனை அதில் கிடத்தினால் அவன் காலை உதறிக் கத்தினான். "சரி, மாப்புளைக்குப் புடிக்கல்ல, பொண்ண வைங்க" என்று மதுராவைத் தூக்கிக் கிடத்தினாள் ரஹீலா. தலைக்குத் தலையணை, இரு புறமும் உருட்டுத் தலையணை, தாடைவரை போர்வை. பார்க்க என்ன வடிவு! டீச்சர் சாமான் அறைக் கதவு இடுக்கால் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையின் முகத்தில் இனம் எழுதியிருப்பதில்லை. அவளுக்கு வெளியே இருப்பதுதான் பாதுகாப்பு, டீச்சருக்கு உள்ளே.

சன்னல்களைச் சாத்தியிருந்தோம். அறை சூடேறிக் கிடந்தது. கதையும் சிரிப்புமாக இருக்கும்போதுதான் கேற்றடியில் ஆண்களின் சத்தம் கேட்டது. வாப்பா மூன்று தரம் தொண்டையைச் செருமியதும் கேட்டது. எங்கள் சிரிப்பு நின்றது. பிள்ளைகளும் பார்த்து அந்த நேரம் அமைதியாகிவிட்டார்கள். ரஹீலா தயங்கவில்லை. தன் மகனின் தொடையில் ஒரு நுள்ளு! அவன் தொடங்கினான். அவனைக் கேட்டு அடுத்தவன், அவனைக் கேட்டு அடுத்தவள், வீடே அதிர்ந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டு ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டு, அழட்டும் அழட்டும் என்று கண்ணால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த இரைச்சலுக்கு நடுவில் சாமான் அறைக் கதவு திறந்தது. டீச்சர், விரித்த தலையோடு, அறை நடுவில் வந்து நிற்கிறார். வெளியே ஆட்கள் நிற்பது அவருக்குத் தெரியும். "அக்கா, என்ர பிள்ளையின்ர சத்தம் கேக்கேல்லை."

"அவ நித்திரை. நீங்க உள்ள போங்க" என்று நான் அவரைத் தள்ளினேன்.

"இல்லை அக்கா. இவ்வளவு சத்தத்துக்க அவள் நித்திரை கொள்ள மாட்டாள். பாருங்கோ!"

பார்த்தேன். உருட்டுத் தலையணை ஒன்று சாய்ந்து மதுராவின் முகத்துக்குக் குறுக்கே கிடந்தது. போர்வை அதற்கு மேல் ஏறியிருந்தது. அவளுடைய ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கை அசையவில்லை. நான் தலையணையை எடுத்து எறிந்த வேகத்தில் அது போய்ச் சுவரில் அடித்தது. முகம் கருஞ்சிவப்பு, தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது. தூக்கினேன். யா அல்லாஹ் என்றேன். வேறு துஆ எதுவும் வாயில் வரவில்லை. ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொன்று இழுத்தாள். பிறகு அழுதாள் பார், மகன், அந்த அறையில் அதுவரை அழுத எல்லாப் பிள்ளைகளும் சும்மா பழகிப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. நான் என் தொழுகை உடுப்பை எடுத்து டீச்சரின் தலையோடு போர்த்திப் பிள்ளையை அவர் மடியில் கொடுத்தேன். கேற்றைத் தாண்டி வந்து வாசலால் எட்டிப் பார்த்த ஒருவனுக்குத் தெரிந்ததெல்லாம் தலை மூடிய பெண்களும் வாய் திறந்த பிள்ளைகளும்தான். "அம்மோ!" என்று அவன் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். ரஹீலா சொன்னது அப்படியே பலித்தது.

அவர்கள் ஒழுங்கை இறங்கிப் போன பிறகு எங்களுக்கு ஒரு சிரிப்பு வந்தது. அது நிற்கவேயில்லை. டீச்சர் வெள்ளை உடுப்புக்குள் முகம் மட்டும் தெரிய அழுதபடி சிரித்தார். "டீச்சர், ஒங்களுக்கு இது மிச்சம் வடிவா ஈக்கி. அக்குறணையில ஒரு மாப்புள பாப்பமா?" என்றாள் ரஹீலா. "ஐயோ, எனக்கு இருக்கிறவரே காணும்!" என்றார் டீச்சர். அன்று மாலைக்குள் அந்த வீட்டிலிருந்த அத்தனை சின்னத் தலையணைகளையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினேன். கொண்டுவந்தவர்கள் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பஞ்சை வீணாக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் பிரித்து உன் வாப்பாவுக்கு ஒரு மெத்தை தைத்தேன். இன்றும் அவர் குறட்டை விடுவது அதில்தான்.

டீச்சர் சில நாளில் அகதி முகாமுக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் போனார். சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்திருந்த காலத்தில் மதுரா கண்டிக்கு வந்து என் வீட்டில் தங்கினாளே, நீதான் அவளைப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாய். ரஹீலா அவளிடம் "எங்க, ஒருக்கா அழுதுகாட்டு பாப்பம்" என்று கேட்டதும் உனக்கு ஏன் என்று விளங்கவில்லை. இப்போது விளங்கும்.

அந்தப் பெண்கள் அதற்குப் பிறகும் என் வீட்டுக்குப் பிள்ளைகளோடு வருவதை நிறுத்தவில்லை. "புள்ளைகள் ஒங்கட வீட்டுக்குப் பழகிட்டாங்க மச்சி" என்பார்கள். பழகியது அவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். கலவரம் அடங்கிப் போர் தொடங்கியது. ஆசுப்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்த தாய்மார் என்னிடம் பிள்ளைகளை விட்டுப் போனார்கள். சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கும் நாட்களில் அவர்கள் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை அந்தப் பிள்ளைகள் என்னிடம் நம்பி ஒப்படைத்த அமானிதம். நீ பிறந்தபோது உன்னை அந்த வரிசையில்தான் கிடத்தினேன். எனக்குப் பிள்ளை கிடைக்கவேண்டும் என்று அந்த அறையில் துஆக் கேட்காத பெண் இல்லை. ஆகவே உனக்கு ஊர் நிறையத் தாய்மார்.

ஆனால் முகத்தை மூடக்கூடாது என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும். மல்லாக்கக் கிடத்தவேண்டும் என்பது பின்னால் வந்த அறிவு. வயிறு பொருமும் பிள்ளையை நானும் கவிழ்த்துத் தட்டியிருக்கிறேன். ஒருநாள் பிள்ளைகளை நிறுக்க வந்த மிட்வைஃப் மிஸ்ஸி, "இனி ஒரு பிள்ளையும் கவிழ்ந்து நித்திரை கொள்ளக்கூடாது" என்றார். நான் விடுவேனா? பாலைக் கக்கினால் மூச்சில் ஏறாதா என்று கேட்டேன். அவர் தன் கழுத்திலேயே விரல் வைத்துக் காட்டினார்: மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, சாப்பாட்டுக் குழாய் கீழே. கக்கியது கீழே கிடப்பதிலிருந்து மேலே ஏறிப் போக வேண்டும், அது லேசில் நடக்காது. பிள்ளை விழுங்கிவிடும் அல்லது இருமித் துப்பிவிடும். கவிழ்ந்து கிடந்தால்தான் அது எதிர்ப்பக்கம். தலை தட்டையாகுமே என்றேன். விழித்திருக்கும்போது கவிழ்த்துப் போடுங்கள், பக்கத்தில் இருந்து விளையாடுங்கள் என்றார். அதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டோம். உன் வாப்பாவும் பிள்ளைகளோடு நிலத்தில் கவிழ்ந்து தலையைத் தூக்கிக் காட்டுவார், ஆமை மாதிரி. எனக்குப் பள்ளிப் படிப்பு அதிகமில்லை என்று உனக்குத் தெரியும். கிளினிக்கில் கொடுத்த தாள்களையும் பத்திரிகையில் டாக்டர்மார் எழுதியதையும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் மற்றதை அறிந்தேன். ஏனென்று காரணமே தெரியாமல், நோய் நொடி இல்லாத பிள்ளைக்கு நித்திரையிலேயே மூச்சு நின்றுபோவது உண்டு. எல்லாம் சரியாகச் செய்த தாய்மாருக்கும் அது நடந்திருக்கிறது. கம்பளையில் அப்படி ஒரு தாயை எனக்குத் தெரியும். அவளைக் குற்றம் சொல்பவர்களோடு நான் பேசுவதில்லை. ஆனால் ஆபத்தைக் குறைக்கும் வழிகள் நம் கையில் இருக்கின்றன. நபிகள் ஒட்டகத்துக்குச் சொன்னதுபோல், கட்டவேண்டியதைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்விடம் பொறுப்புக் கொடுக்கவேண்டும்.

உன் பிள்ளை பிறந்த நாளிலிருந்து மல்லாந்து நித்திரை கொண்டு பழகியவன். அப்படிப் பழகிய பிள்ளையைப் புது இடத்தில், புதுக் கையால், திடீரென்று கவிழ்த்துக் கிடத்துவதுதான் எல்லாவற்றிலும் கூடிய ஆபத்து. அவனுக்குக் கவிழ்ந்து கிடந்து முகத்தைத் திருப்பிப் பழக்கமில்லை. புதுப் பராமரிப்புக்குப் போகும் முதல் நாட்களில்தான் மிக அவதானமாக இருக்கவேண்டும் என்றும் படித்திருக்கிறேன். அந்த ஆன்ட்டி நல்லவராகத்தான் இருப்பார். பிள்ளைகள் சுகமாக நித்திரை கொள்கிறார்கள் என்று நம்பித்தான் தட்டுகிறார். கவிழ்ந்த பிள்ளை ஆழமாக நித்திரை கொள்வது உண்மை. ஆழம் கூடினால் மூச்சுக்கு இடைஞ்சல் வரும்போது விழித்துக்கொள்வதும் கஷ்டம். அடிக்கடி சிணுங்கி எழும்பும் பிள்ளையைப் பார்த்து நீங்கள் இருவரும் அலுத்துக்கொள்கிறீர்களே, அந்த எழும்புதல் அவனுக்கு ஒரு காவல்.

ஆகவே போய்க் கேள். எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதே. சண்டைக்குப் போவதுபோல் போகவேண்டாம், சட்டம் பேசவும் வேண்டாம். மருமகளையும் கூட்டிப்போ, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொள். "ஆன்ட்டி, இவன் மல்லாந்தே பழகினவன், கவுத்துக் கிடத்துவாங்களோன்ற யோசனையில எங்களுக்கு வேலையில இருக்க ஏலா" என்று உன் பயத்தைச் சொல். பெரியவர்களுக்குப் பிழை சொன்னால் கோபம் வரும். பயத்தைச் சொன்னால் இரக்கம் வரும். பிறகு பிள்ளைகள் நித்திரை கொள்ளும் அறையைக் காட்டச் சொல். கூடத்தைக் காட்டித் தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டால் போதாது. கிடத்தும் இடத்தைப் பார். மெத்தை அமுங்காமல் கெட்டியாக, சமமாக இருக்கிறதா, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இடம் உண்டா, தலையணையும் பஞ்சுப் பொம்மையும் கனத்த போர்வையும் அதில் கிடக்கிறதா என்று பார். அறை புழுங்குகிறதா, யாராவது அங்கே சிகரெட் பிடிக்கிறார்களா என்று மூக்காலும் பார். உன் வாப்பா என் பிள்ளைகளுக்காகவே சிகரெட்டை விட்டார். முதலில் முற்றத்துக்குத் துரத்தினேன், பிறகு ஒழுங்கைக்கு, பிறகு மழைக்காலம் வந்தது. கடைசியாக, நித்திரை கொள்ளும் பிள்ளைகளை யார் அடிக்கடி வந்து பார்ப்பது என்று கேள். ஆன்ட்டி சமைக்கும் நேரம் யார் பார்ப்பது என்றும் கேள்.

அவர் சிரித்துக்கொண்டு "சரி சரி" என்றால் அது போதாது. பிள்ளைக்கு நித்திரை வரும் நேரம் பார்த்துப் போ. அவர் முன்னால் உன் கையால் அவனை மல்லாக்கக் கிடத்திக் காட்டு. பிறகு அவர் கையால் ஒருதரம் கிடத்தச் சொல். நானும் என்னிடம் பிள்ளையை விட்ட தாய்மாரிடம் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன், எனக்கு அதில் மதிப்புக் குறையவில்லை. கேள்வி கேட்ட தாயின் பிள்ளையைத்தான் நான் இன்னும் ஒருதரம் எட்டிப் பார்ப்பேன். நீ கேட்கும் கேள்வியால் அந்த அறையில் கிடக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நன்மை கிடைக்கலாம். அவர்களுடைய தாய் தகப்பன்மாரும் உன்னைப் போலவே வெட்கப்பட்டு நிற்பவர்களாக இருக்கும்.

இன்று செவ்வாய். இந்தக் கடிதம் வெள்ளிக்குள் உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலை போ. ஆன்ட்டி சம்மதித்தால் என் ஸலாத்தைச் சொல்லி, கண்டிக்கு வந்தால் என் வீட்டில் சாப்பிடாமல் போகக்கூடாது என்றும் சொல். சம்மதிக்காவிட்டால் ஒரு சொல் கூடுதலாகப் பேசாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வா. நானாவின் மனைவிக்கு மனம் நொந்தால் நான் பேசிக்கொள்கிறேன். வேறு நல்ல இடம் தேடும்வரை, மருமகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் பின்னேர ரயிலில் ஏறு. வங்கிக்கு இன்னும் ஒரு வாரம் லீவு கேட்பது அவள் பாடு. அவள் கெட்டிக்காரி, எடுத்துவிடுவாள். இன்று காலையே முன்னறையைக் கழுவித் துடைத்து, கெட்டிப் பாயை வெயிலில் போட்டுவிட்டேன். நீங்கள் வராவிட்டால் எனக்குச் சந்தோஷம், ஆன்ட்டி கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம். வந்தால் அதைவிடச் சந்தோஷம். அந்தப் பாய் சும்மா கிடக்காது.

உன் உம்மா